எழுவானும் படுவானும் தராத வெயில்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் பெயர் வைத்தவர்கள் சூரியனைப் பார்த்துத்தான் வைத்தார்கள். கடலை ஒட்டிய கிழக்குப் பக்கம் எழுவான்கரை. வாவிக்கு அப்பால் வயலும் குளமுமாக விரியும் மேற்குப் பக்கம் படுவான்கரை. கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று நீளும் கரையில் சூரியன் எழுகிறது. வவுணதீவு, கொக்கட்டிச்சோலைப் பக்கம் படுகிறது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள வாவியைச் சூரியனின் போக்குவரத்தால் பங்கு பிரித்து வைத்திருக்கும் இந்த மண்ணில், கர்ப்பிணியின் உடம்புக்கு வேண்டிய விற்றமின் டி பற்றிப் பேசத் தொடங்கினால் ஒரு வேடிக்கை தெரியவரும். எழுகிற சூரியனாலும் அதற்குப் பெரிய பயனில்லை, படுகிற சூரியனாலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், வாவியின் தலைக்கு மேல் நின்று கொளுத்தும் சூரியனிடம்தான் சங்கதி இருக்கிறது. உச்சிப் பொழுதில் பிள்ளைத்தாய்ச்சி வெளியே இறங்கக் கூடாது என்று அம்மம்மாமார் தடுத்துவைக்கும் நேரமும் அதுவேதான்.

தோலின் உயிரணுக்களில் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரோல் என்றொரு கொழுப்புப் பொருள் இருக்கிறது. 290 முதல் 315 நானோமீற்றர் வரை அலைநீளமுள்ள புறஊதா-பி கதிர் அதன்மேல் பட்டால், மூலக்கூறின் ஒரு வளையம் உடைந்து விற்றமின் டி-யின் முன்வடிவம் உண்டாகிறது. பிறகு உடம்புச் சூட்டிலேயே அது மெல்ல மெல்ல விற்றமினாக மாறி இரத்தத்தில் இறங்குகிறது. சிக்கல் கதிரில்தான். சூரியன் தாழ்வாக நிற்கும்போது ஒளி காற்றுமண்டலத்தைச் சரிவாகக் கடக்கிறது. வழியில் ஓசோன் படலம் புறஊதா-பியை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடுகிறது. காலை ஏழு மணியின் இளவெயில் இதமானது, கண்ணுக்கு அழகானது. விற்றமின் டி கணக்கில் அது வெறும் வெளிச்சம்.

அளந்து பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், நிழலே போதும். நிழல் ஆளைவிடக் குட்டையாக இருந்தால் தோல் விற்றமினை நன்றாகத் தயாரிக்கும். நெடிதாக இருந்தால் உற்பத்தி சொற்பம். மட்டக்களப்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழரைப் பாகைக்குச் சற்று அப்பால் கிடக்கிறது. ஏப்ரல் 10ஐ ஒட்டியும் செப்டம்பர் 2ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் வந்து நிற்கும். ஊன்றிய கம்புக்கு நிழலே இராது. சூரியன் தெற்கே மிகச் சாய்ந்திருக்கும் டிசம்பர் 21இல்கூட, ஐந்தடி உயரப் பெண்ணின் நண்பகல் நிழல் மூன்றடிதான். கணக்குப் போட்டால், மார்ச்சில் காலை ஒன்பது மணியைத் தாண்டியதுமே நிழல் ஆளுக்குச் சமமாகிவிடுகிறது. டிசம்பரில் அதற்குப் பத்து மணியாகும். ஆக, வருடத்தில் ஒரு நாள்கூட இந்த வாவிக்கரையில் அந்தக் கதிருக்குத் தட்டுப்பாடு இல்லை. வாடைக்காலத்து மழை முகில்கள் மறைக்கும் நாட்களை மட்டும் கழித்துக்கொள்ளலாம்.

ஆந்திராவின் திருப்பதியில் ஹரிநாராயண் என்ற மருத்துவரின் குழு அந்தக் கொழுப்புப் பொருளைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து வெயிலில் வைத்து, எந்த நேரத்தில் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தது. காலை 11க்கும் பிற்பகல் 2க்கும் இடையில்தான் மாற்றம் உச்சம்.

இவ்வளவு வெயிலுக்கு நடுவில் குறைபாடு எப்படி வரும்? வருகிறது. தென்னிந்தியாவின் மைசூரில், மிஷன் வைத்தியசாலையான ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனையில், முப்பதாவது வாரத்தில் இரத்தம் எடுத்துப் பார்க்கப்பட்ட 559 கர்ப்பிணிகளில் 66 வீதமானோரிடம் விற்றமின் டி அளவு லீற்றருக்கு 50 நானோமோலுக்குக் கீழே இருந்தது. 2005இல் வெளியான லக்னோ ஆய்வு இன்னும் கடுமையான நிலையைக் காட்டியது. அங்கே நூற்றுக்கு 84 கர்ப்பிணிகளுக்குப் போதிய அளவு இல்லை. வளைகுடா நாடுகளின் பாலைவன வெயிலிலும் இதே கதைதான். கதிர் வானத்திலிருந்து இறங்குவது போதாது, தோலைத் தொட வேண்டும். சேலையும் அபாயாவும் நீளக் கைச்சட்டையும் மறிக்கின்றன. குடை மறிக்கிறது. பஸ் யன்னலின் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விட்டு, புறஊதா-பியை மட்டும் வெளியே நிறுத்திவிடுகிறது. கறுத்த தோலின் மெலனின் வேறு, பிறவியிலேயே போர்த்திய குடை; வெள்ளைத் தோலுக்குப் பத்து நிமிடத்தில் கிடைப்பதைப் பெற அதற்குப் பல மடங்கு நேரம் வேண்டும். வெயிலில் நிறம் மங்கிவிடும் என்ற பயத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். படுவான்கரை வயலில் களை பிடுங்கும் பெண்ணுக்கும், கடற்கரைப் பக்கத்து நெருக்கமான தெருவொன்றில் வீட்டுக்குள் தையல் இயந்திரத்தோடு பகலைக் கழிக்கும் பெண்ணுக்கும் இடையிலுள்ள தூரம் வாவியின் அகலம் மட்டுமல்ல.

இந்த வித்தியாசத்தைத் தெற்காசியாவில் முதலில் அழுத்திச் சொன்னவர்களில் ஒருவர் கத்லீன் வோன் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர். காஷ்மீரில் வேலை செய்த அவர், பர்தாவுக்குள் வெளிச்சம் படாமல் வாழ்ந்த பெண்களுக்கு எலும்பு மென்மையாகி இடுப்புக்கூடு நெளிந்துபோவதையும், அதனால் பிள்ளை வெளிவர வழியின்றித் தாயும் சேயும் மடிவதையும் கண்டார். வெளியில் உழைத்த பெண்களிடம் அந்த நோய் அரிதாக இருந்தது. 1928இல் இதை ஒரு நூலாகவே எழுதினார். விற்றமின் டி என்ற பெயருக்கு அப்போது சில வயதுதான்.

தோலிலிருந்து இறங்கிய விற்றமினை அப்படியே எந்த வேலைக்கும் வைத்துக்கொள்ள முடியாது. முதலில் ஈரல் அதைச் சேமிப்பு வடிவமாக மாற்றுகிறது. வைத்தியசாலை இரத்தப் பரிசோதனை அளப்பது இதைத்தான். இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை பாதியாகக் கரையும். பிறகு சிறுநீரகம் அதில் மிகச் சிறு பங்கை எடுத்து வேலை வடிவமாக்குகிறது. கல்சிட்ரையோல் என்பது அதன் பெயர், தன்மையில் அது ஓர் ஓமோன். சேமிப்பு வடிவத்தோடு ஒப்பிட்டால் இரத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். சில மணி நேரத்தில் மறைந்துவிடும். சேமிப்பை நெற்களஞ்சியம் என்றால் இது அன்றைக்குக் குத்திய அரிசி.

கர்ப்பம் தரித்ததும் இந்த அரிசி மளமளவென்று பெருகத் தொடங்குகிறது. முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே கல்சிட்ரையோல் இரு மடங்கைத் தொட்டுவிடுகிறது, பேறுகாலம் நெருங்கும்போது மூன்று மடங்கு வரை போகிறது. மற்றக் காலங்களில் இப்படி உயர்ந்தால் வைத்தியர் பதறுவார். சாதாரணமாகச் சிறுநீரகத்தை முடுக்கிவிடுவது கழுத்திலுள்ள பாராதைரொயிட் சுரப்பி. கல்சியம் குறைந்தால் அது சத்தம் போடும். கர்ப்பத்தில் அந்தச் சுரப்பி பெரும்பாலும் அமைதியாகவே இருக்க, சிறுநீரகம் வேறு ஓமோன்களின் சொல் கேட்டு வேலையைக் கூட்டுகிறது. கருப்பையின் உட்சுவரும் நஞ்சுக்கொடியும்கூடக் கல்சிட்ரையோலைச் செய்யக்கூடியவை. ஆனால் அவை செய்வது பெரும்பாலும் அக்கம்பக்கத்துத் தேவைக்கு. பாதி அந்நியமான பிள்ளையைத் தாயின் நோயெதிர்ப்புப் படை பகையாக நினைத்துவிடாமல் தணிப்பதில் அதற்கும் பங்குண்டு என்று கருதப்படுகிறது. இரத்தத்தில் ஓடும் பெரும்பங்கு சிறுநீரகத்தின் உழைப்புத்தான். அதற்குச் சான்று, சிறுநீரகங்களே இல்லாமல் இயந்திரச் சுத்திகரிப்பில் இருந்தபடி கருவுற்ற ஒரு பெண். அவருடைய கல்சிட்ரையோல் கர்ப்பத்திலும் தாழ்ந்தே கிடந்தது.

எதற்கு இந்த ஆரவாரம்? கல்சியத்தை அக்கரை சேர்க்க. 2014இல் பாலம் திறக்கும் வரை மண்முனைத் துறையில் மக்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடந்தது படகுப் பாதை. சிறுகுடலின் உயிரணுவிலும் அப்படியொரு துறை இருக்கிறது. உணவிலுள்ள கல்சியம் உள்ளே நுழைய ஒரு வாசல். உயிரணுவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு அதைச் சுமந்து போக கல்பைண்டின் என்னும் புரதம். மறுகரையில் இரத்தத்துக்குள் தள்ளிவிட ஒரு பம்பி. இவை மூன்றையும் கூட்டச் சொல்லி உயிரணுவின் மரபணுக்களுக்கு உத்தரவு கொடுப்பது கல்சிட்ரையோல். ஓடங்கள் கூடுகின்றன, அதே சோறும் கறியும் சாப்பிட்டாலும் கர்ப்பிணியின் குடல் அதிலிருந்து உறிஞ்சும் கல்சியம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. பிறக்கும்போது பிள்ளையின் உடம்பில் இருக்கும் கல்சியம் கிட்டத்தட்ட 30 கிராம். அதில் ஐந்தில் நான்கு பங்கு கடைசி மூன்று மாதத்தில் போய்ச் சேர்வது. அந்த மாதங்களில் நாளொன்றுக்குச் சில நூறு மில்லிகிராம் கைமாறுகிறது. தாயின் எலும்புக் கூட்டில் ஒரு கிலோ அளவுக்குக் கல்சியம் இருப்பதை நினைத்தால் 30 கிராம் பெரிய கடனல்ல. ஆனாலும் உடம்பு எலும்பில் கை வைப்பதற்கு முன் சாப்பாட்டுக் கோப்பையைத்தான் நம்புகிறது.

இந்த இடத்தில் பலரும் தவறாக நினைக்கும் ஒன்று உண்டு. தாயின் விற்றமின் டி வயிற்றிலுள்ள பிள்ளையின் எலும்பைக் கட்டுகிறது என்பது. நேராக அப்படி இல்லை. தாயின் கல்சிட்ரையோல் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையிடம் எளிதில் போவதில்லை. பிள்ளைக்குக் கல்சியம் ஏற்றும் நஞ்சுக்கொடியின் பம்பி வேறு ஓர் ஓமோனின் கட்டுப்பாட்டில் இயங்குகிறது. தாய்க்குத் தட்டுப்பாடு என்றாலும் பிள்ளையின் இரத்தத்தில் கல்சியம் தாயினுடையதைவிடக் கூடுதலாகவே இருக்கும்படி அது பார்த்துக்கொள்ளும். விற்றமின் டி-யை உணரும் திறனே இல்லாதபடி மரபணு மாற்றிய எலிக்குஞ்சுகள் ஒழுங்கான எலும்போடு பிறந்தன; தாய்ப்பால் மறந்த பிறகுதான் எலும்பு வளையத் தொடங்கியது. கல்சிட்ரையோலைத் தயாரிக்க முடியாத பிறவிக் குறையுள்ள மனிதக் குழந்தைகளும் பிறக்கும்போது வித்தியாசம் தெரியாமல், சில மாதம் கழித்தே ரிக்கெட்ஸ் நோயைக் காட்டுகின்றன.

தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவது சேமிப்பு வடிவம். கொப்பூழ்க்கொடி இரத்தத்தில் அது தாயின் அளவில் அறுபது முதல் எண்பது வீதம் வரை இருக்கும். வயிற்றுக்குள் இருக்கும்வரை பெரிதாகத் தேவைப்படாத அந்தப் பொதியை, கொடி அறுத்த பிறகுதான் பிள்ளை அவிழ்க்கிறது. நஞ்சுக்கொடியின் பம்பி போய், கல்சியத்துக்குச் சொந்தக் குடலையே நம்ப வேண்டிய நிலை அப்போதுதான் வருகிறது. பொதி வெறுமையானால் பழி பிறந்த பின்தான் விழும்.

அந்தப் பழி எவ்வளவு கடுமையாக இருக்கலாம் என்பதை இங்கிலாந்தின் தென்கிழக்கிலிருந்து 2008இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை காட்டியது. இதயம் செயலிழந்த நிலையில் கொண்டுவரப்பட்ட 16 கைக்குழந்தைகள். அத்தனை பேரும் இந்தியத் துணைக்கண்டத்து அல்லது கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள். விற்றமின் டி இல்லாமல் கல்சியம் விழுந்து, கல்சியம் இல்லாமல் இதயத் தசை சோர்ந்திருந்தது. மூன்று பிள்ளைகள் இறந்தன. மற்றப் பிள்ளைகள் கல்சியமும் விற்றமினும் கொடுக்கத் தேறின.

தாய்ப்பாலில் கல்சியம் தாராளமாக இருக்கிறது. அதற்காகத் தாயின் எலும்பே தற்காலிகமாக மூன்று முதல் பத்து வீதம் வரை கரைந்து கொடுத்து, பால் மறந்த பிறகு மீண்டும் நிரம்பிக்கொள்கிறது. ஆனால் விற்றமின் டி தாய்ப்பாலில் மிகக் குறைவு. இங்கே ஊர் வழக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழ் வீடுகளில் 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை, முஸ்லிம் வீடுகளில் நாற்பது முடியும்வரை, தாயும் பிள்ளையும் பெரும்பாலும் வீட்டுக்குள்தான். ஓய்வுக்கும் தொற்றுத் தடுப்புக்கும் அந்த ஏற்பாடு நல்லதே. ஆனால் இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை பாதியாகும் சேமிப்புக்கு நாற்பது நாள் என்பது இரண்டுமுறை பாதியாவது. முழுப் பொதியோடு உள்ளே போனவளுக்கு அது பொருட்டில்லை. கால் பொதியோடு போனவளுக்கு?

அப்படியானால் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் குளிசையை நீட்டிவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். கேட்டார்கள், பதில் எதிர்பார்த்த மாதிரி வரவில்லை. பங்களாதேஷின் டாக்காவில் 1,300 கர்ப்பிணிகளுக்குப் பல்வேறு அளவுகளில் விற்றமின் டி கொடுத்து, பிள்ளைகளை ஒரு வயதுவரை பின்தொடர்ந்தார்கள். குறைபாடு நிறைந்த ஊர், கவனமான ஆய்வு. 2018இல் முடிவு வந்தபோது பிள்ளைகளின் நீளத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. பிரித்தானியாவில் 2016இல் வெளியான இன்னொரு பரிசோதனையிலும் பிறந்த பிள்ளைகளின் எலும்பில் மொத்தத்தில் வேறுபாடு இல்லை. குளிர்காலத்தில் பிறந்த பிள்ளைகளிடம் மட்டும் கொஞ்சம் நன்மை தெரிந்தது. முன்னே சொன்ன மைசூர் ஆய்வும் தாயின் அளவுக்கும் பிறந்த பிள்ளையின் பருமனுக்கும் தொடர்பு காணவில்லை. நஞ்சுக்கொடியின் தனிப் பம்பியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது அவ்வளவு அதிர்ச்சியாக இராது.

அறிஞர்களும் ஒரே பக்கம் நிற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் வழக்கமாக விற்றமின் டி கொடுப்பதைப் பரிந்துரைக்கவில்லை. குறைபாடு இருக்கும் என்று கருதப்படுபவர்களுக்கு நாளொன்றுக்கு 200 சர்வதேச அலகு கொடுக்கலாம் என்கிறது. அமெரிக்காவின் ஓமோன் மருத்துவர் சங்கமோ 2024இல், இரத்தம் சோதிக்காமலே கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பது நல்லது என்ற பக்கம் சாய்ந்தது. கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்தை அது தடுக்கக்கூடும் என்பது அவர்கள் வாதம். அதே ஆண்டு கொக்ரேன் குழு தன் பழைய மதிப்பீட்டைத் திரும்பப் பார்த்து, நம்பகம் குறைந்த பரிசோதனைகளை ஒதுக்கியபோது, 2019இல் பெரும்பாலும் இருக்கும் என்று தெரிந்த நன்மைகள் மங்கிப்போயின.

இந்த இழுபறிக்கு நடுவில் ஒன்று மட்டும் தெளிவு. இலட்சக்கணக்கான அலகுகளை ஒரே ஊசியில் ஏற்றும் வழக்கத்துக்குக் கர்ப்பத்தில் இடமில்லை. தோல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். வெயில் மிஞ்சினால் முன்வடிவத்தைப் பயனற்ற வேறு பொருட்களாக மாற்றிவிடும். வெயிலால் விற்றமின் டி நஞ்சானவர் யாருமில்லை. குளிசைக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. 1950களில் பிரித்தானியா குழந்தைப் பால்மாவில் அளவுக்கு மிஞ்சிச் சேர்த்து, கைக்குழந்தைகளின் இரத்தத்தில் கல்சியம் கட்டுமீறியதைக் கண்டு அளவைக் குறைத்துக்கொண்டது.

இலங்கையின் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் விற்றமின் டி-யைவிடக் கல்சியத்துக்கே முக்கியத்துவம். இரும்புச்சத்து, போலிக் அமிலம், விற்றமின் சி ஆகியவற்றோடு கல்சியம் லக்டேற்றும் திரிபோஷா சத்துமாவும் கொடுக்கப்படுகின்றன. ஓடத்தைக் கூட்டுவதைவிட ஏறுவதற்கு ஆட்களைக் கொண்டுவந்து துறையில் நிறுத்துவது மலிவானது, பயன் நிச்சயமானது. கல்சியம் குறைவாக உண்ணும் மக்களிடம் கல்சியக் குளிசை கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஒரேயொரு தொல்லை: இரும்புக் குளிசையையும் கல்சியத்தையும் ஒன்றாக விழுங்கினால் ஒன்றின் வழியை மற்றது மறிக்கும். குடும்பநல மாது இரண்டுக்கும் வேறு வேறு நேரம் சொல்வது அதனால்தான். எல்லாவற்றையும் ஒரே மிடறில் முடித்துவிடும் அவசரக்காரிகள் எந்த ஊரிலும் உண்டு.

சாப்பாட்டில் விற்றமின் டி தேடினால் வாவியைவிடக் கடல்தான் கைகொடுக்கும். இறாலும் நண்டும் மட்டக்களப்புக்குப் பெயர் வாங்கித் தந்தவை. விற்றமின் டி மட்டும் அவற்றில் கணக்கெடுக்கும் அளவுக்கு இல்லை. எண்ணெய்ப்பிடிப்புள்ள சூடை, கீரி போன்ற கடல் மீன்களில் இருக்கிறது. முள்ளோடு மென்று தின்னும் நெத்தலியில் கல்சியம் கூடுதல். ஒரு முட்டை மஞ்சட்கருவில் 40 அலகு அளவு. ஒரு நாளைக்குக் கர்ப்பிணிக்குத் தேவையென்று அமெரிக்க மருத்துவக் கழகம் வகுத்த 600 அலகை முட்டையால் மட்டும் எட்ட நினைத்தால் பதினைந்து முட்டை வேண்டும். வெயிலை விட்டால் வேறு பெரிய வழி இல்லை. காலை பத்து மணிக்குப் பின், முகமும் கையும் வெளியே தெரிய, கொடியில் உடுப்புக் காயப்போடும் நேரமும் கோழிக்குத் தீன் போடும் நேரமும் கிழமையில் சில நாள் சேர்ந்தாலே நல்ல பங்கு கிடைத்துவிடும். நடுப்பகல் கொதிப்பில் நிறைமாதக்காரி நின்று மயங்க வேண்டியதில்லை. அந்த அளவில் அம்மம்மா சொன்னதும் சரிதான்.

இந்தக் கணக்கு எல்லாம் புலம்பெயர்ந்த இடத்தில் தலைகீழாகிறது. நோர்வேயில் குடியேறிய இலங்கையரில் பெரும்பாலோர் தமிழர். ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழ்பவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2008இல் வந்தது. கண்டியில் சேமிப்பு வடிவத்தின் சராசரி லீற்றருக்கு ஏறத்தாழ 54 நானோமோல், ஒஸ்லோவில் 31. தோல் அதே தோல். மாறியது அதன்மேல் படும் ஒளியின் சாய்வு. டிசம்பர் நடுப்பகலில் ஒஸ்லோவின் சூரியன் அடிவானத்திலிருந்து ஏழு பாகைகூட எழும்பாது. வாவிக்கரையில் மூன்றடி நிழல் விழுத்திய அதே ஐந்தடிப் பெண், அங்கே பனித்தரையில் நாற்பது அடிக்கும் மேல் நீண்ட நிழலோடு கிளினிக்குக்கு நடந்து போகிறாள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு விற்றமின் டி துளிமருந்து கொடுக்கும்படி அங்கே சொல்லி அனுப்புவார்கள்.